எண்ணெயில் கந்தகம்: ஒரு வரிக் கணக்கின் சரித்திரம்

சென்ற மாதம் எங்கள் கிளைக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பாங்க்கிலிருந்து ரிடையர் ஆன நண்பர் ஒருவர் ஆங்கிலப் பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "ஸார், நீங்கள் எண்ணெய் சம்பந்தப்பட்ட ஃபைல் எல்லாம் பார்த்தவராச்சே. ப்ரெண்ட் என்று ஒரு விலை போட்டிருக்கிறான், துபாய் என்று ஒரு விலை, இந்தியக் கூடை என்று இன்னொன்று. எல்லாம் பூமிக்குள்ளிருந்து வருகிற கறுப்பு எண்ணெய்தானே? அரிசி மாதிரி பொன்னி, பாஸ்மதி என்றா இருக்கிறது?" என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன். காபி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால், நமது பத்திரிகைக்கே எழுதிவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அதன் பலன்தான் இந்தக் கட்டுரை.

கச்சா எண்ணெயின் தரம் என்று வரும்போது இரண்டு குணங்கள் முக்கியம். ஒன்று அடர்த்தி. இதை ஏ.பி.ஐ. டிகிரி என்ற கணக்கில் சொல்வார்கள். டிகிரி கூடக் கூட எண்ணெய் இலேசானது. பெட்ரோலும் டீசலும் அதிகம் கிடைக்கும். இரண்டாவது கந்தகம். நூற்றுக்கு அரைப் பங்குக்குள் இருந்தால் 'ஸ்வீட்', அதற்கு மேல் போனால் 'சவர்' என்பது வியாபார வழக்கு. அந்தக் காலத்து ஆசாமிகள் எண்ணெயை முகர்ந்தும் நாக்கில் வைத்தும் பார்த்துத் தரம் சொன்னதால் தித்திப்பு, புளிப்பு என்ற இந்தப் பெயர்கள் வந்தன என்பார்கள். நமது பம்பாய் ஹை எண்ணெயில் கந்தகம் 0.2 சதவிகிதத்தை ஒட்டியது. வட கடல் ப்ரெண்டில் சுமார் 0.4. ஸவூதியின் அரேபியன் லைட்டில் 1.8 அளவு. துபாய் எண்ணெயில் சுமார் 2. மெக்ஸிகோவின் மாயா என்ற எண்ணெயில் 3க்கும் மேல்.

இரண்டு சதவிகிதம் என்றால் கேட்பதற்குச் சின்ன எண்ணாக இருக்கிறது. ஒரு பெரிய டாங்கர் கப்பல் 2,50,000 டன் எண்ணெய் கொண்டுவருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதோடு கூடவே 5,000 டன் கந்தகமும் வந்து இறங்குகிறது! அதை எடுக்காமல் அப்படியே எரித்தால் 10,000 டன் கந்தக டையாக்ஸைடு ஆகாயத்தில் கலக்கும். எடுப்பதானால் ஹைட்ரஜன் வேண்டும், உயர்ந்த அழுத்தம் வேண்டும், கோபால்ட்டும் மாலிப்டினமும் சேர்ந்த கிரியாஊக்கி வேண்டும். அதற்கப்புறம் வெளிவருகிற ஹைட்ரஜன் ஸல்ஃபைடைத் திரும்பவும் கந்தகமாக்க இன்னொரு யூனிட் வேண்டும். இந்தச் செலவெல்லாம் எண்ணெயை விற்பவன் தலையில் தள்ளுபடியாக வந்து விடியும்.

நான் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு 1970களில் மத்திய சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்தவன். கந்தகம் என்றால் காலேஜ் லாபரேட்டரியில் இருந்த கிப் அப்பாரட்டஸும், அதிலிருந்து வருகிற அழுகின முட்டை நாற்றமும்தான் எனக்கு ஞாபகம் வரும். முதன்முதலாக ஓர் இறக்குமதி ஃபைலில் கந்தக சதவிகிதத்தைப் பார்த்தபோது, இது லாபரேட்டரிக்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது என்று நினைத்து, என் குறிப்பில் அதைத் தொடாமலே மேலே அனுப்பினேன். மறுநாளே ஃபைல் திரும்பி வந்தது. மேலதிகாரி கூப்பிட்டனுப்பி, "இதோ பாருப்பா, அந்த ஒரு வரியை விட்டுட்டு விலையைப் பத்தி என்ன எழுத முடியும்? அது லாபரேட்டரி சமாச்சாரம் இல்லை, கஜானா சமாச்சாரம்" என்றார். அவர் எகனாமிக்ஸ் படித்தவர். கெமிஸ்ட்ரி படித்த எனக்கு அவர் சொல்லித்தான் கந்தகத்தின் அருமை தெரிந்தது என்பதில் இன்றைக்கும் கொஞ்சம் வெட்கம் உண்டு.

கந்தகம் எண்ணெயின் விலையை எப்படி அடித்துக் கீழே தள்ளும் என்பதை உலகம் முதலில் பார்த்தது அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்து லைமா என்ற ஊரில். 1885ல் பெஞ்சமின் ஃபோரோ என்பவர் தமது அட்டை மில்லுக்கு எரிவாயு கிடைக்குமா என்று தோண்டினார், எண்ணெய் வந்தது. ஊரே கொண்டாடியது. ஆனால் அந்த எண்ணெயிலிருந்து எடுத்த மண்ணெண்ணெயை விளக்கில் ஊற்றி ஏற்றினால் தாங்க முடியாத நாற்றம்; சிம்னி கறுத்துவிடும். அங்கே ஸ்கங்க் என்று ஒரு பிராணி உண்டு. பயந்தால் துர்நாற்றம் வீசும். லைமா எண்ணெய்க்கு 'ஸ்கங்க் ஆயில்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த நாளில் எண்ணெய் என்றால் விளக்குக்குத்தான். மோட்டார் கார் இன்னும் வரவில்லை. விளக்குக்கு ஆகாத எண்ணெயை யார் வாங்குவார்கள்? பேரல் விலை 15 சென்ட்டுக்கு வந்துவிட்டது.

வாங்கியவர் ஜான் ராக்ஃபெல்லர். அவரது ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி டைரக்டர்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை. அவருடைய வலது கை போன்ற ஜான் ஆர்ச்போல்டே பயந்துபோய்த் தமது பங்குகளில் கொஞ்சத்தை நஷ்டத்துக்கு விற்றார். ராக்ஃபெல்லர் பின்வாங்கவில்லை. நான்கு கோடி பேரல் வரைக்கும் லைமா எண்ணெயை வாங்கித் தொட்டி தொட்டியாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஹெர்மன் ஃப்ராஷ் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணரை வேலைக்கு அமர்த்தினார். கனடாவில் இதே மாதிரி நாற்ற எண்ணெயைச் சுத்தம் செய்து பார்த்தவர் அவர்.

ஃப்ராஷ் கண்டுபிடித்த வழியின் தத்துவம் நம் வீட்டுப் பெண்மணிகள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெள்ளிக் குத்துவிளக்கு பீரோவில் இருந்தபடியே கறுத்துப்போகிறதே, அது காற்றிலுள்ள கந்தகச் சேர்மத்தை வெள்ளி பிடித்துக்கொள்வதால்தான். தாமிரத்துக்கும் அந்தச் சுபாவம் உண்டு. ஃப்ராஷ் எண்ணெயைக் காய்ச்சும்போது தாமிர ஆக்ஸைடைச் சேர்த்தார். கந்தகம் தாமிரத்தோடு போய்விட்டது. அந்தத் தாமிரத்தை வறுத்து மறுபடியும் ஆக்ஸைடாக்கித் திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம். 1888 வாக்கில் முறை கைகூடியது. லைமா எண்ணெயின் விலை ஏறியது. சிகாகோவுக்கு அருகே வைட்டிங் என்ற இடத்தில் அந்த எண்ணெய்க்கென்றே பெரிய ரிஃபைனரி எழும்பியது. சும்மா கொடுத்தால்கூட வேண்டாம் என்ற எண்ணெயைத் தொட்டியில் வைத்திருந்தவர் ராக்ஃபெல்லர், லாபமும் அவருக்குத்தான். 15 சென்ட்டுக்கு விற்றுவிட்டுப் போன லைமா நிலச்சொந்தக்காரருக்கு ஒன்றும் இல்லை. இந்த இடத்தை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஒரு தேசமே அந்த நிலச்சொந்தக்காரர் நிலைமையில் நிற்கப்போகிறது.

(ஃப்ராஷ் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. எண்ணெயிலிருந்து கந்தகத்தை விரட்டிய அதே மனிதர், 1894ல் லூயிஸியானாவில் பூமிக்கடியில் இருந்த கந்தகத்தைச் சூடான தண்ணீரால் உருக்கி மேலே கொண்டுவரும் முறையையும் கண்டுபிடித்துப் புகழ் பெற்றார். இன்றைக்கு உலகத்துக்கு வேண்டிய கந்தகத்தில் பெரும்பகுதி எண்ணெயிலிருந்தும் வாயுவிலிருந்தும் எடுத்ததே கிடைத்துவிடுகிறது. அமெரிக்காவில் ஃப்ராஷ் முறைச் சுரங்கங்கள் 2000ஆம் வருஷத்தோடு மூடப்பட்டன. அவருடைய முதல் காரியம் அவருடைய இரண்டாவது காரியத்தைச் சாப்பிட்டுவிட்டது!)

இனி வரிக்கு வருவோம். எண்ணெய்க்கு வரி போட இரண்டு வழி. டன்னுக்கு இத்தனை ரூபாய் என்று போடலாம். அல்லது விலையில் நூற்றுக்கு இத்தனை என்று போடலாம். முதல் வழியில் கந்தகத்துக்கு வேலையே இல்லை. நல்ல எண்ணெய்க்கும் மட்ட எண்ணெய்க்கும் ஒரே வரி. இரண்டாவது வழியில், 'விலை என்பது எது?' என்ற கேள்வி எழுந்துவிடும். கத்தரிக்காய் வியாபாரத்தில் இது ஒரு கேள்வியே இல்லை. ஆனால் எண்ணெயைத் தோண்டுகிறவன், கப்பலில் ஏற்றுகிறவன், ரிஃபைனரியில் வாங்குகிறவன் எல்லாம் ஒரே கம்பெனியின் கிளைகளாக இருந்தால்? இடது கை வலது கைக்கு விற்கிற விலை எது?

இதற்கு ஏற்பட்டதுதான் 'போஸ்டட் ப்ரைஸ்', அதாவது கம்பெனி பகிரங்கமாக அறிவித்த விலை. இதன் வேர் அமெரிக்காவில். 1895ல் ஸ்டாண்டர்டின் கொள்முதல் ஏஜென்ஸி, இனி சந்தைச் சூதாட்டத்தைப் பார்க்காமல் தானே நிர்ணயித்து அறிவிக்கும் விலையில்தான் வாங்கப்போவதாகச் சொன்னது. அதே பழக்கம் பிற்பாடு பாரசீக வளைகுடாவுக்கும் வந்தது. 1950 டிசம்பரில் ஸவூதி அரேபியா லாபத்தில் பாதிக்குப் பாதி என்று ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்த லாபத்தைக் கணக்கிட அறிவித்த விலைதான் ஆதாரமாயிற்று. கம்பெனி உண்மையில் என்ன விலைக்கு விற்றது என்பது வேறு விஷயம்.

இங்கே நமது தேசத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1960ல் சோவியத் ரஷ்யா இந்தியாவுக்கு மலிவான கச்சா எண்ணெய் தருவதாகச் சொன்னது. கே.டி. மாளவியா அப்போது எண்ணெய் இலாகாவுக்கு மந்திரி. ஆனால் ரிஃபைனரிகள் பர்மா-ஷெல், ஸ்டான்வாக், கால்டெக்ஸ் கைகளில் இருந்தன. அவர்கள் ரஷ்ய எண்ணெயைச் சுத்திகரிக்க மறுத்துவிட்டார்கள். இருந்தாலும் போட்டியின் சூடு தாங்காமல் தங்கள் எண்ணெய்க்குத் தள்ளுபடி கொடுக்க நேர்ந்தது. இப்படி உலகத்தில் பல இடங்களில் விற்கிற விலை இறங்க, அறிவித்த விலை மட்டும் மேலேயே நின்றது. 1960 ஆகஸ்டில் எஸ்ஸோவின் தாய்க் கம்பெனி யாரையும் கேட்காமல் அறிவித்த விலையைக் குறைத்தது. வரி வருமானம் குறைந்த ஐந்து தேசங்கள் அடுத்த மாதமே பாக்தாத்தில் கூடி ஓபெக் அமைப்பைத் தொடங்கின. நாமோ 1961ல் டாம்லே கமிட்டி மூலம் அந்தத் தள்ளுபடிகளையெல்லாம் கணக்கில் கொண்டு உள்நாட்டு விலையை நிர்ணயித்தோம். ஒரே தள்ளுபடி நமக்கு லாபம், அவர்களுக்கு நஷ்டம்.

இனி லிபியாவுக்குப் போகலாம். எனக்குத் தெரிந்தவரை கந்தகமும் வரியும் நேருக்கு நேர் மோதிய பெரிய இடம் அதுதான்.

1959ல் லிபியாவின் ஸெல்டன் என்ற இடத்தில் எஸ்ஸோ எண்ணெய் கண்டது. 1961ல் மர்ஸா எல் ப்ரேகா துறைமுகத்திலிருந்து ஏற்றுமதி தொடங்கியது. எண்ணெய் இலேசானது, கந்தகம் மிகக் குறைவு, ஐரோப்பா எதிர்க்கரையில். ஸூயஸ் கால்வாயைக் கடக்க வேண்டிய அவசியமே இல்லை. இத்தனை சௌகரியம் உள்ள எண்ணெய்க்கு எஸ்ஸோ அறிவித்த விலை பேரலுக்கு 2 டாலர் 21 சென்ட். வளைகுடா எண்ணெயோடு ஒப்பிட்டால் தூரத்துக்கும் தரத்துக்கும் இன்னும் கூடுதலாக வந்திருக்க வேண்டும் என்ற மனக்குறை லிபியர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே இருந்தது.

அதைவிட மோசம், 1955ஆம் வருஷத்து லிபிய எண்ணெய்ச் சட்டம் அறிவித்த விலையைக்கூட வரிக்கு ஆதாரமாகக் கட்டாயப்படுத்தவில்லை. உண்மையில் கிடைத்த விலை என்று கம்பெனி காட்டினால் போதும். சின்னக் கம்பெனிகள் ஐரோப்பாவில் தாராளமாகத் தள்ளுபடி கொடுத்து விற்று, அந்தக் குறைந்த விலைக்கு வரி கட்டின. எஸ்ஸோ பேரலுக்குக் கட்டிய வரியில் பாதிகூடச் சிலர் கட்டவில்லை. 1965 கடைசியில்தான் சட்டத்தைத் திருத்தி அறிவித்த விலையே ஆதாரம் என்று ஆக்கினார்கள். ஆனால் அந்த அறிவித்த விலையிலேயே கந்தகத்துக்கு உரிய மதிப்பு இல்லையே!

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறிவித்த விலை பேரலுக்குப் பத்து சென்ட் குறைவாக இருக்கிறது என்று கொள்வோம். எட்டில் ஒரு பங்கு ராயல்டி: ஒன்றேகால் சென்ட் போயிற்று. மீதி எட்டே முக்கால் சென்ட்டில் பாதி வருமான வரி: நாலேகால் சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல் போயிற்று. ஆக அஞ்சரை சென்ட்டுக்குச் சற்று அதிகம். லிபியா 1970ல் நாளொன்றுக்கு முப்பது லட்சம் பேரலுக்கு மேல் எடுத்தது. முப்பது லட்சம் என்றே வைத்தாலும், நாளொன்றுக்கு 1,68,750 டாலர். வருஷத்துக்கு ஆறு கோடி டாலருக்கு மேல். பத்து சென்ட்டுக்கு இவ்வளவு. அன்றைய லிபியாவின் ஜனத்தொகை சுமார் இருபது லட்சம்தான்.

கம்பெனிகளின் கட்சியையும் சொல்ல வேண்டும். 1961ல் கந்தகம் குறைந்த எண்ணெய்க்குக் கூடுதலாகக் காசு கொடுக்கிற ஆள் ஐரோப்பாவில் அதிகம் இல்லை. பாய்லரில் எதைப் போட்டாலும் எரிந்தது. புகைபோக்கியிலிருந்து என்ன போகிறது என்று கேட்பார் இல்லை. அந்த வாதம் 1961க்குச் சரி. ஆனால் காலம் நிற்கவில்லை. 1966 நவம்பரில் நியூயார்க் நகரம் நச்சுப் புகைமூட்டத்தில் மூழ்கியது. 1967லும் 1970லும் அமெரிக்காவில் காற்றுத் தூய்மைச் சட்டங்கள் வந்தன. கிழக்குக் கரை நகரங்கள் எரியெண்ணெயில் கந்தகத்துக்கு வரம்பு விதிக்கத் தொடங்கின. ஜப்பானில் யொக்காய்ச்சி என்ற ஊரில் பெட்ரோகெமிக்கல் ஆலைப் புகையால் வந்த ஆஸ்துமாவுக்கு ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள். 1969ல் அங்கே கந்தக டையாக்ஸைடுக்குத் தரநிர்ணயம் வந்தது. சுமத்ராவின் மினாஸ் எண்ணெய் மெழுகு போல உறையக்கூடியது. அதற்குக்கூடக் கந்தகம் இல்லை என்ற ஒரே காரணத்தால் ஜப்பானியர்கள் போட்டி போட்டார்கள். இத்தனைக்கும் நடுவில் லிபியாவின் அறிவித்த விலை ஏறக்குறைய பழைய இடத்திலேயே நின்றது. 1967 ஜூனில் ஸூயஸ் கால்வாய் மூடியபின் அந்த எண்ணெயின் கிராக்கி இன்னும் ஏறியது. சந்தையில் ஏறிய மதிப்பெல்லாம் கம்பெனிக்கு. வரி மட்டும் பழைய எண்ணின் மேல். லைமா நிலச்சொந்தக்காரரை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா?

1969 செப்டம்பர் 1ஆம் தேதி ராணுவ அதிகாரிகள் மன்னர் இத்ரீஸை நீக்கினார்கள். தலைவர் கடாஃபிக்கு வயது 27. அவருடைய பிற்காலச் செய்கைகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் 1970 ஜனவரியில் அவர்கள் எண்ணெய்க் கம்பெனிகளைக் கூப்பிட்டுக் கேட்ட கணக்கு நியாயமான கணக்கு என்பதே என் அபிப்பிராயம். அமெரிக்க வெளியுறவு இலாகாவில் எண்ணெய் விவகாரங்களைப் பார்த்த ஜேம்ஸ் ஏகின்ஸ்கூட லிபியர்கள் கேட்பதில் நியாயம் உண்டு என்றுதான் கருதினார்.

பேரத்துக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடமும் சாமர்த்தியமானது. எஸ்ஸோ போன்ற பெரிய கம்பெனிக்கு லிபியா இல்லாவிட்டால் ஸவூதி, ஈரான். ஆர்மண்ட் ஹாம்மரின் ஆக்ஸிடென்டல் கம்பெனிக்கோ அமெரிக்காவுக்கு வெளியே லிபியாவை விட்டால் வேறு எண்ணெய் இல்லை. அதன் உற்பத்தியை, எண்ணெய் வயலைப் பாதுகாப்பதாகக் காரணம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க உத்தரவிட்டார்கள். 1970 மே மாதம் சிரியாவில் ஸவூதிக் குழாய் ஒன்று உடைந்து, மத்தியதரைக் கடலுக்கு வந்துகொண்டிருந்த எண்ணெய் நின்றது. கப்பல் வாடகை ஏறியது. ஹாம்மர் எஸ்ஸோவிடம் போய், நான் எதிர்த்து நிற்கிறேன், எனக்கு மாற்று எண்ணெயை அடக்க விலைக்குக் கொடுங்கள் என்று கேட்டார். அவர் கேட்ட விலைக்குக் கிடைக்கவில்லை. செப்டம்பர் முதல் வாரத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். அறிவித்த விலையில் 30 சென்ட் உடனே உயர்வு. அடுத்த ஐந்து வருஷத்துக்கு வருஷத்துக்கு இரண்டு சென்ட். வரி 50 சதவிகிதத்திலிருந்து 58.

இந்த 58க்குள் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வரி உத்தியோகத்தில் இருந்தவர்கள் ரசிப்பார்கள். 1965 முதல் விலையைக் குறைவாக அறிவித்ததற்குப் பழைய பாக்கி தர வேண்டும் என்று லிபியா கேட்டது. பாக்கியை மொத்தமாகக் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். ஆகவே பாக்கி என்ற பேச்சே இல்லாமல், அதற்கு ஈடாக வரி விகிதத்தை உயர்த்திக்கொண்டார்கள். இருவருக்கும் கௌரவம் காப்பாற்றப்பட்டது.

அதன் பிறகு அணை உடைந்தது போல ஆயிற்று. 1971 பிப்ரவரி 14ல் டெஹ்ரான் ஒப்பந்தம். வளைகுடா எண்ணெயின் அறிவித்த விலை உயர்ந்தது. ஏப்ரல் 2ல் திரிபோலி ஒப்பந்தம்; 40 டிகிரி லிபிய எண்ணெய் 3 டாலர் 44.7 சென்ட். இந்தத் திரிபோலி ஒப்பந்தத்தில்தான், கந்தகம் குறைந்ததற்கென்று பேரலுக்குப் பத்து சென்ட் தனியாகப் போட்டு, அது வருஷா வருஷம் இரண்டு சென்ட் உயரும் என்றும் எழுதினார்கள். லாபரேட்டரியில் எரித்து அளந்த ஓர் எண், தேசங்களுக்கும் கம்பெனிகளுக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் தனி இனமாக ஏறியது. 1973 அக்டோபர் 16ஆம் தேதி வளைகுடா நாடுகள் குவைத்தில் கூடி, கம்பெனிகளைக் கேட்காமல் தாங்களே விலையை அறிவித்தன. அதோடு போஸ்டட் ப்ரைஸ் கம்பெனிகளின் கையை விட்டுப் போயிற்று. அந்த உயர்வின் சூடு நம் வீட்டு அடுப்பு வரை வந்தது மூத்த அங்கத்தினர்களுக்கு நினைவிருக்கும்.

நமது தேசத்தில் இந்த இரண்டு வழி வரியையும் பார்த்துவிட்டோம். 1974ஆம் வருஷத்துச் சட்டப்படி உள்நாட்டுக் கச்சா எண்ணெய்க்கு விதித்த செஸ் வெகு காலம் டன்னுக்கு இவ்வளவு என்றே இருந்தது: 2002ல் 1,800 ரூபாய், 2006ல் 2,500, 2012ல் 4,500. அஸ்ஸாம் எண்ணெயோ பம்பாய் ஹையோ, விலை நூறு டாலரோ முப்பது டாலரோ, டன்னுக்கு அதே வரி. 2016 மார்ச் 1 முதல் விலையில் 20 சதவிகிதம் என்று மாற்றினார்கள். அன்று முதல் எண்ணெயின் குணம் செஸ் கணக்குக்குள்ளும் வந்துவிட்டது.

ஆனால் கந்தகம் குறைந்துவிட்டால் மட்டும் நல்ல விலை வந்துவிடாது. ராஜஸ்தானில் 2004ல் கண்டுபிடித்து 2009 ஆகஸ்டில் உற்பத்தி தொடங்கிய மங்களா எண்ணெயில் கந்தகம் குறைவு. மெழுகோ ஏராளம், ஆறினால் உறைந்துவிடும். குஜராத் கடற்கரை வரை குழாயை வழிநெடுகச் சூடாக்கித்தான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. நைஜீரியாவின் பானி லைட் எண்ணெயை அளவுகோலாக வைத்து, அதிலிருந்து தள்ளுபடி செய்தே இதற்கு விலை போட்டார்கள். அந்தத் தள்ளுபடியின் அளவுக்கு மாநில சர்க்காரின் ராயல்டியும் குறையும். மாதிரி எடுத்த புட்டியில் என்ன இருக்கிறது என்பதில் ஜெய்ப்பூர் பட்ஜெட்டின் ஒரு மூலை அடங்கியிருக்கிறது.

சமீப காலத்துச் செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரஷ்யாவின் யூரல்ஸ் எண்ணெய் ஒரு கலவை. மேற்கு சைபீரியாவின் நல்ல எண்ணெயும், தடார்ஸ்தான் பக்கத்துக் கந்தகம் மிகுந்த எண்ணெயும் ஒரே குழாயில் கலந்து, 1.5 சதவிகிதத்துக்கு மேல் கந்தகத்தோடு துறைமுகம் வந்து சேரும். ஆகவே ப்ரெண்டை விடச் சில டாலர் குறைவாக விற்பது வழக்கம். ரஷ்ய சர்க்காரின் எண்ணெய் வரி இந்த யூரல்ஸ் விலையைப் பார்த்தே கணக்கிடப்பட்டு வந்தது. உக்ரைன் யுத்தத்துக்குப் பின் 2022 டிசம்பரில் மேற்கு நாடுகள் 60 டாலர் உச்சவரம்பு விதித்தபோது, பத்திரிகையில் வந்த யூரல்ஸ் விலைக்கும் ப்ரெண்டுக்கும் வித்தியாசம் முப்பது டாலர் வரை போயிற்று. அது கந்தகத்தின் தள்ளுபடி இல்லை, அரசியலின் தள்ளுபடி. ஆனால் வரி அந்தப் பத்திரிகை விலையின் மேல்தானே? எண்ணெய் உண்மையில் அவ்வளவு மலிவாகத்தான் விற்கிறதா என்ற சந்தேகம் மாஸ்கோவுக்கே வந்துவிட்டது. 2023ல் சட்டத்தை மாற்றினார்கள். ப்ரெண்ட் விலையிலிருந்து ஏப்ரலில் 34 டாலருக்கு மேல், மே மாதம் 31க்கு மேல், ஜூனில் 28க்கு மேல், ஜூலையில் 25க்கு மேல் தள்ளுபடி காட்டினால் வரிக்குச் செல்லாது என்று. பேர்தான் வேறு, லிபியா 1965ல் செய்ததும் இதே காரியம்தான். 1960ல் நமது துறைமுகத்துக்கு வர முடியாமல் திரும்பிய ரஷ்ய எண்ணெயை 2022 முதல் நமது ரிஃபைனரிகள் கப்பல் கப்பலாக வாங்கின என்பதும் இதே கதையின் இன்னொரு பக்கம்.

நண்பரின் கேள்விக்குப் பதில் சொல்ல மறந்துவிடக் கூடாது. இந்தியக் கூடை என்பது தனி எண்ணெய் இல்லை. ஓமான், துபாய் இரண்டின் சராசரியைச் சவர் ரகத்துக்கும், ப்ரெண்டை ஸ்வீட் ரகத்துக்கும் வைத்து, நமது ரிஃபைனரிகள் எந்த ரகத்தை எவ்வளவு சுத்திகரிக்கின்றன என்ற விகிதத்தில் கலந்து போடுகிற கணக்கு. 2008-09ல் சவர் 62.3 பங்கு, ஸ்வீட் 37.7 பங்கு. 2023-24ல் அது 78.71க்கு 21.29. அதாவது ராக்ஃபெல்லர் லைமாவில் செய்ததை இப்போது நாம் செய்கிறோம்: நாற்ற எண்ணெயை மலிவாக வாங்கி, கந்தகத்தை நாமே எடுத்துக்கொள்கிறோம். 1999ல் ஜாம்நகரில் தொடங்கிய பெரிய ரிஃபைனரி முதல் இதற்கென்றே யந்திரங்களைப் போட்டிருக்கிறார்கள். 2020 ஏப்ரல் முதல் நமது டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்து பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி இருந்தும், மட்டமான எண்ணெயை வாங்கிக் கட்டுபடியாவது அதனால்தான்.

இதையெல்லாம் டெலிஃபோனில் சுருக்கமாக நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி ஸார், மட்ட எண்ணெய் மலிவு என்றால் பெட்ரோல் பங்க்கில் மட்டும் விலை ஏன் இறங்கவில்லை?" என்றார். அதற்குக் கந்தகம் ஜவாப்தாரி இல்லை. வேறு இலாகா என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.